இருமுனை மனநிலைக் கோளாறுகள்: அறிகுறிகளை அறிதலும் குடும்பத்தினர் செய்யவேண்டியவையும்

இருமுனை மனநிலைக் கோளாறு என்பது ஒருவருடைய மனநிலை, உறக்கம், சிந்தனை, செயல்வேகம் ஆகியவை இயல்பான அளவைக் கடந்து ஒரு காலத்தில் மிக உயர்ந்தும் மற்றொரு காலத்தில் மிகத் தாழ்ந்தும் போகின்ற நோயாகும். மருத்துவமனைகளில் இதனைப் 'பைபோலார்' என்று குறிப்பிடுவர். உயர்ந்த நிலைக்கு மன எழுச்சி என்றும் தாழ்ந்த நிலைக்கு மனச்சோர்வு என்றும் பெயர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களிலோ ஆண்டுகளிலோ நோயாளி பெரும்பாலும் எல்லோரையும் போல் உண்டு, உறங்கி, உழைத்து வாழ்வார். இது குணக்கேடு அன்று. மனவுறுதி இல்லாமையும் அன்று.

இப்பக்கம் மாதனூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் தோல் பதனிடும் தொழிலையும் காலணித் தொழிலையும் சார்ந்து வாழும் குடும்பங்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டுள்ளது. நோய் எல்லா ஊரிலும் ஒன்றே. ஆயினும் விடியற்காலைப் பணி, கோடை வெப்பம், நோன்பு, மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் வலி மாத்திரை ஆகியவை இந்நோயோடு குறுக்கிடும் விதம் இங்குள்ளோர் தனியே அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும்.

2015–16ஆம் ஆண்டில் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் ஏறத்தாழ இருநூறு பேருக்கு ஒருவர் வாழ்வில் ஒருமுறையேனும் இந்நோய்க்கு ஆளாகின்றனர். ஆயிரம் பேர் வேலை செய்யும் ஒரு காலணி நிறுவனத்தில் ஐந்து பேர் என்ற கணக்கு அது. நோயுற்றோரில் பத்துக்கு ஏழு பேர் சிகிச்சை பெறாமல் இருந்ததையும் அதே ஆய்வு காட்டியது. மருத்துவமனை தொலைவில் இருப்பது மட்டும் இதற்குக் காரணம் அன்று. நோயின் ஒரு பாதி, பார்ப்பவர் கண்ணுக்கு நோயாகவே தெரிவதில்லை.

மன எழுச்சி: நோயாகத் தெரியாத நோய்

தையல் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண்ணை எடுத்துக்காட்டாக எண்ணிப் பாருங்கள். வழக்கமாக இரவு பத்து மணிக்கு உறங்கிக் காலை ஐந்து மணிக்கு எழுபவர், சில நாள்களாக மூன்று மணி நேரமே உறங்குகிறார். ஆனால் களைப்பில்லை. நள்ளிரவில் பாத்திரங்களை எல்லாம் இறக்கித் துலக்குகிறார். மிகைநேரப் பணிக்குத் தாமே முன்வருகிறார். பேச்சு வேகமாகிறது; இடையில் புகுந்து ஒரு சொல் சொல்ல எவராலும் முடிவதில்லை. மேற்பார்வையாளர் பாராட்டுகிறார், வீட்டாரும் 'இப்போதுதான் சுறுசுறுப்பாக இருக்கிறாள்' என்று மகிழ்கின்றனர். அடுத்த வாரம் சொந்தமாகக் காலணிப் பட்டறை தொடங்கப்போவதாகச் சொல்லி, மகளிர் குழுவில் ஒன்றும் நுண்கடன் நிறுவனத்தில் இரண்டுமாகக் கடன் வாங்குகிறார். தாலியை அடகு வைக்கிறார். தடுத்த கணவரிடம் சீறுகிறார். அவர் அப்படிச் சீறி அதற்கு முன் எவரும் கண்டதில்லை.

நோய் தொடங்கியது கடன் வாங்கிய நாளில் அன்று. களைப்பில்லாமல் உறக்கம் குறைந்த முதல் இரவிலேயே தொடங்கிவிட்டது. உறக்கம் வராமல் தவிப்பது வேறு. உறக்கமே தேவையில்லை என்று உணர்வது வேறு. கவலையால் உறக்கம் கெட்டவர் மறுநாள் வாடிப்போய் இருப்பார். மன எழுச்சியில் உறக்கம் குறைந்தவரோ முன்னிலும் மிகுந்த வேகத்தோடு எழுவார். இந்த ஒரு வேறுபாட்டை வீட்டார் அறிந்திருந்தால் பல குடும்பங்களின் நகையும் நிலமும் தப்பும்.

இதனோடு சேர்ந்து வரக்கூடியவை: தம்மால் ஆகாதது ஒன்றுமில்லை என்ற எண்ணம், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் சிந்தனை, அளவற்ற செலவு, அறிமுகமில்லாதவரிடம் மிகை நெருக்கம், மிகுந்த பாலுணர்வு, கண்மூடித்தனமாக வண்டி ஓட்டுதல், குடிப்பழக்கம் கூடுதல். எல்லோரும் மகிழ்ச்சியாகவே இருப்பர் என எண்ண வேண்டாம்; சிலரிடம் எரிச்சலும் சண்டையுமே மேலோங்கி நிற்கும். நோய் முற்றும்போது தமக்குத் தெய்வ ஆற்றல் வந்துவிட்டது, தமக்கு எதிராகச் சூழ்ச்சி நடக்கிறது போன்ற மெய்யல்லாத நம்பிக்கைகள் உறுதிப்படும். சிலருக்குக் குரல்களும் கேட்கலாம். இந்நிலையில் 'எனக்கு ஒன்றுமில்லை, உங்களுக்குத்தான் பைத்தியம்' என்று நோயாளி கூறுவது பிடிவாதம் அன்று. தம் நிலையைத் தாமே உணரும் திறனை நோய் மறைத்துவிடுகிறது.

ஒரே நோய், பல அளவுகள்

மேற்சொன்ன மாற்றங்கள் ஒரு வாரமோ அதற்கு மேலோ நீடித்து, வேலையையும் குடும்பத்தையும் குலைத்தாலோ மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குப் போனாலோ அது முழுமையான மன எழுச்சி; அத்தகையோருக்கு இருப்பது முதல் வகை. எழுச்சி மிதமாக, நான்கு நாள்களாவது நீடித்து, வாழ்க்கையைக் குலைக்காமல் கடந்துபோய், இடையிடையே கடும் மனச்சோர்வு வந்தால் அது இரண்டாம் வகை. இரண்டாம் வகையை 'இலேசானது' என்று சொல்வது பொருந்தாது. அவ்வகையினர் மனச்சோர்விலேயே நெடுங்காலம் கழிக்கின்றனர். சிறு ஏற்றமும் சிறு இறக்கமும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மாறி மாறி வந்துகொண்டே இருப்பது சைக்ளோதைமியா எனப்படும். காலையில் கோபம், மாலையில் சிரிப்பு என ஒரே நாளில் மாறும் மனநிலையை மட்டும் கொண்டு எவரையும் பைபோலார் என்று முடிவுகட்ட வேண்டாம். சொல்லப்படும் மாற்றங்கள் நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும் நீடிப்பவை.

தாழ்நிலையும் மருத்துவரிடம் சொல்லாமல் விடுபடுவதும்

மனச்சோர்வின் அறிகுறிகளைப் பலரும் அறிவர். இரண்டு வாரங்களுக்கு மேலாக எதிலும் விருப்பமின்மை, காரணமற்ற அழுகை, உடல் கனத்தல், அதிக உறக்கம் அல்லது உறக்கமின்மை, பசி மாறுதல், குற்றவுணர்வு, வாழ்ந்து பயனில்லை என்ற எண்ணம் ஆகியவை அவை. 'உடம்பெல்லாம் வலி, தலைபாரம், நெஞ்சடைப்பு' என்று உடல் நோயாக இதனைச் சொல்லிப் பொது மருத்துவரிடம் செல்வோரும் நம்மிடையே மிகுதி.

நோயாளிகள் மருத்துவரை நாடுவது பெரும்பாலும் இந்தத் தாழ்நிலையில்தான். முன்பொரு காலத்தில் இருந்த எழுச்சியை நோயாளி சொல்வதில்லை. அதனைத் தம் வாழ்வின் நல்ல நாள்களாகவே அவர் நினைவில் வைத்திருப்பார். மருத்துவரும் மனச்சோர்வு மட்டுமே எனக் கருதி, மனச்சோர்வு நீக்கி மாத்திரை மட்டும் தருவதுண்டு. இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு மனநிலையைச் சமன்செய்யும் மருந்து இல்லாமல் இம்மாத்திரையைத் தனியே தரும்போது சிலர் மன எழுச்சிக்குத் தூக்கி எறியப்படலாம். நோய் தொடங்கியதிலிருந்து சரியான சிகிச்சை தொடங்கும் வரை சராசரியாக ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கழிந்துவிடுவதாகப் பல நாட்டு ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது.

ஆகவே, மனச்சோர்வுக்காக முதன்முறை மருத்துவரிடம் செல்லும்போது உடன் வாழும் ஒருவர் கட்டாயம் செல்லுங்கள். 'குறைவாக உறங்கியும் மிகுந்த வேகத்தோடு இருந்த நாள்கள் முன்பு உண்டா? அப்போது செலவு, சண்டை, கடன் கூடியதா? குடும்பத்தில் வேறு எவருக்கேனும் இப்படி இருந்ததா?' என்பவற்றுக்கான விடையை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். கல்லீரல் சோதனையோ எக்ஸ்ரேயோ காட்டாததை இந்த விடை காட்டும். இரத்தப் பரிசோதனை செய்வது தைராய்டு மிகை போன்ற, இதே தோற்றம் தரும் பிற நோய்களை விலக்குவதற்கே. ஸ்டீராய்டு மாத்திரை உட்கொண்டு வந்தால் அதனையும் தெரிவிக்க வேண்டும்.

எழுச்சியின் வேகமும் சோர்வின் துயரமும் ஒரே வேளையில் சேர்ந்து வரும் கலப்பு நிலையும் உண்டு. தற்கொலை ஆபத்து மிகுந்த காலங்களுள் இது ஒன்று. 'நான் இல்லாவிட்டால் நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள்' போன்ற பேச்சு எழுந்தால் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் தூண்டப்படாது. நோயாளியைத் தனியே விடாதீர்கள். மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டி வைத்து, அன்றே மருத்துவ உதவி பெறுங்கள்.

ஏன் வருகிறது?

மரபுக்கு இதில் பெரும் பங்குண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு ஐந்து முதல் பத்து சதவீதம் வரை எனலாம். அதாவது, பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. பொதுவாகப் பதின்பருவத்தின் பிற்பகுதியிலிருந்து இருபதுகளுக்குள் தொடங்குகிறது.

தோல் கழிவாலோ பாலாற்று நீராலோ இது வருகிறதா என்று இவ்வட்டாரத்தில் கேட்கப்படுவது இயல்பே. பாலாற்றுப் படுகையின் மாசு 1996ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்ற உண்மையாகும். எனினும் தோல் பதனிடும் வேதிப்பொருள்கள் இருமுனைக் கோளாற்றை உண்டாக்குகின்றன என்று நிறுவப்படவில்லை. காலணி ஒட்டும் பசையின் நெடியால் தலைவலி, கிறுகிறுப்பு, எரிச்சல் வரலாம். அது தனியே கவனிக்கவேண்டிய தொழில்சார் பாதிப்பு. மருத்துவரிடம் உங்கள் வேலை எந்தப் பிரிவில் என்பதைச் சொல்லுங்கள்.

செய்வினை, பேய், சாமி வந்திருத்தல் என்று கருதி மந்திரிக்கவும் ஓதிப் பார்க்கவும் செல்வோர் உண்டு. வழிபாடு மன ஆறுதல் தருமாயின் அதனைக் கைவிடச் சொல்வதற்கில்லை. மருந்தை அதற்காக நிறுத்துவதுதான் தீங்கு. கட்டிப்போடுவதோ பெருங்குற்றம். 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப இயலாமல் 28 பேர் உயிரிழந்தனர். அதே ஏர்வாடியில் இன்று தர்காவுக்கு வருவோர் வேண்டுதலோடு மருந்தும் பெறும் வகையில் அரசின் 'தவா–துவா' திட்டம் நடைபெறுகிறது. மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது.

உறக்கம் ஒரு மருந்து

உறக்கக் குறைவு எழுச்சியின் அறிகுறி மட்டுமன்று; அதனைத் தூண்டும் காரணமும் ஆகும். மூளையின் நாள்கடிகாரம் இந்நோயாளிகளிடம் எளிதில் நிலைகுலைகிறது. கம்பெனிப் பேருந்தைப் பிடிக்க விடியுமுன் எழுவதில் தவறில்லை; நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுந்தால் அது நன்மையே. இந்த வாரம் பகல், அடுத்த வாரம் இரவு என முறை மாறும் பணிதான் தீங்கு செய்வது. ஏற்றுமதி நெருக்கடியில் தொடர்ந்து மிகைநேரம் பார்ப்பதும் அவ்வாறே. நிலையான பகல்பணி தருமாறு மருத்துவரின் சான்றுடன் கேளுங்கள். நோயின் பெயரைச் சான்றில் விரித்துரைக்க வேண்டிய கட்டாயமில்லை.

திருவிழாக் காலத்திலும் இதே கவனம் தேவை. விடிய விடியத் தெருக்கூத்து பார்ப்பதும், வைகாசியில் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குச் சென்று கண்விழிப்பதும் மற்றவருக்கு மறுநாள் களைப்பு. இந்நோயாளிக்கு அது ஒரு மாத மருத்துவமனை வாசமாகலாம். போக வேண்டாம் என்பதில்லை. பகலில் சென்று வரலாம்.

லித்தியம்: வெயிலும் வலி மாத்திரையும்

சிகிச்சையில் மனநிலைச் சமன்செய் மருந்துகளே அடிப்படை. லித்தியம், வால்புரோயேட், லாமோட்ரிஜின் ஆகியவையும் ஒலான்சபின், குவிட்டியாபின் போன்றவையும் நோயாளிக்கு ஏற்பத் தரப்படுகின்றன. இவற்றுள் லித்தியம் பாறையிலும் ஊற்றுநீரிலும் காணப்படும் ஓர் எளிய தாதுப்பொருள். 1949ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் மன எழுச்சிக்கு இது பயன்படுவதை வெளியிட்டார். விலை குறைவு, மறுதாக்குதலைத் தடுப்பதிலும் தற்கொலை ஆபத்தைக் குறைப்பதிலும் இதன் பயன் நன்கு நிறுவப்பட்டது. ஆனால் பயன்தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி சிறிது. இரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 வரை இருக்கவேண்டியது 1.5ஐக் கடந்தால் ஆபத்து. எனவே இரத்தப் பரிசோதனை தவறக்கூடாது. கடைசி மாத்திரை உண்டு 12 மணி நேரம் கழித்து இரத்தம் கொடுக்க வேண்டும். தைராய்டும் சிறுநீரகமும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதிக்கப்பட வேண்டும்.

சிறுநீரகம் லித்தியத்தை உப்பைப் போலவே நடத்துகிறது. வியர்த்து உடலில் நீரும் உப்பும் குறையும்போது, உப்பைப் பிடித்து வைக்கும் சிறுநீரகம் லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்து வைத்துவிடும். வேலூர் வட்டாரத்தில் மே மாத வெயில் 40 பாகையைக் கடப்பது வழக்கம். தகரக் கூரையின் கீழ் வேலை செய்பவர் நாள் முழுதும் தண்ணீர் குடிக்காமல் இருந்தால், மாத்திரையின் எண்ணிக்கை மாறாமலே இரத்தத்தில் லித்தியம் கூடிவிடும். கழிப்பறைக்குச் செல்ல இடைவேளை கிடைக்காது என்பதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைக்கும் பெண்கள் உள்ளனர். லித்தியம் உட்கொள்வோருக்கு அது பொருந்தாது. நீர்மோர், உப்பிட்ட கஞ்சி நல்லவை. வாந்தி, வயிற்றுப்போக்கு, கடுங்காய்ச்சல் வந்த நாளில் மருத்துவரைக் கேட்காமல் அடுத்த லித்தியம் மாத்திரையை உண்ண வேண்டாம். இரத்தக்கொதிப்புக்காக உப்பைத் திடீரெனக் குறைப்பதும் இவ்வாறே தீங்காகலாம்.

முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் மருந்துக் கடையில் வாங்கும் டைக்குளோபினாக், ஐபுபுரோபன் மாத்திரைகள் லித்தியத்தை உடலில் தேக்குபவை. வலிக்குப் பாராசிட்டமால் பொதுவாகப் பாதுகாப்பானது. இரத்தக்கொதிப்பு மாத்திரைகளிலும் சில இவ்விளைவை உண்டாக்கும். எந்த மருத்துவரிடம் சென்றாலும் 'லித்தியம் சாப்பிடுகிறேன்' என்பதை முதலில் சொல்லுங்கள்.

கையில் மெல்லிய நடுக்கம் வருவதுண்டு. தையல் இயந்திரத்தில் ஊசிக்கு அருகில் விரல் வைத்து வேலை செய்பவருக்கு இது சிறு செய்தி அன்று. மாத்திரையை நிறுத்திவிடப் பலரைத் தூண்டுவதும் இதுவே. நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்ற வழியுண்டு. ஆனால் நடுக்கம் பெரிதாகி, நாக்குழறி, நடை தள்ளாடி, வாந்தியும் மயக்கமும் சேர்ந்தால் அது லித்தியம் நஞ்சாகியதன் அடையாளம். உடனே 108 ஊர்தியில் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ரமலான் நோன்பு வைக்க விரும்புவோர், நோன்பு தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே மனநல மருத்துவரைக் காணுங்கள். தண்ணீரின்றி நீளும் பகலும் சஹர் உணவுக்காக முறியும் உறக்கமும் சேர்ந்து இரட்டை ஆபத்தாகின்றன. நோன்பு மாதம் கோடையில் வரும் ஆண்டுகளில் இது மேலும் கூடும். மாத்திரை நேரத்தை மாற்றி நோன்பு நோற்க ஒருவருக்கு இயலலாம். அண்மையில் நோயுற்றவருக்கு இயலாமல் போகலாம். நோயாளிக்கு மார்க்கத்தில் உள்ள விலக்கைப் பற்றி உங்கள் பள்ளிவாசல் இமாமிடமும் கேட்டறியலாம். எவரிடமும் கேட்காமல் முப்பது நாளும் மாத்திரையை நிறுத்திவைப்பதே மிகவும் அஞ்சத்தக்கது.

திருமணம், கருவுறுதல்

'கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும்' என்பது தவறு. திருமண நாள்களில் உறக்கம் கெடுகிறது. புகுந்த வீட்டார் காணக்கூடாது என்று மாத்திரையும் நிறுத்தப்படுகிறது. நோய் திரும்புவதற்கு இதைவிட ஏற்ற சூழல் வேண்டியதில்லை. நோய் கட்டுக்குள் உள்ளவர் திருமணம் செய்து நல்வாழ்வு வாழ முடியும். மறைக்காமல் செய்வதே பாதுகாப்பு.

கருவுறும் வயதுப் பெண்களுக்கு வால்புரோயேட் கூடியவரை தவிர்க்கப்பட வேண்டும். குழந்தைக்கு உடற்குறையும் அறிவு வளர்ச்சிக் குறையும் உண்டாகலாம். இம்மாத்திரை உண்டுவரும் பெண், கருத்தரிக்கத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். பிள்ளை பெற்ற முதல் சில வாரங்கள் நோய் திரும்பும் அபாயம் மிகுந்தவை. தாய்க்கு இரவில் தொடர்ந்து சில மணி நேர உறக்கம் கிடைக்குமாறு அம்மாவோ மாமியாரோ குழந்தையைப் பார்த்துக்கொள்வது சிகிச்சையின் ஒரு பகுதியே.

வீட்டார் செய்யக்கூடியது

எழுச்சியில் உள்ளவரோடு வாதிட்டு வெல்ல முடியாது. குரலைத் தாழ்த்திச் சுருக்கமாகப் பேசுங்கள். விருந்தினர், தொலைக்காட்சி, கைப்பேசி இரைச்சலைக் குறையுங்கள். வண்டிச் சாவியையும் ஏ.டி.எம். அட்டையையும் நலமாக இருக்கும் காலத்திலேயே அவர் ஒப்புதலோடு யாரிடம் ஒப்படைப்பது என்று பேசி வையுங்கள். இதற்குச் சட்டத்திலும் இடமுண்டு: எவ்வகைச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கவும், தமக்காக முடிவெடுக்கும் பிரதிநிதியைத் தாமே நியமிக்கவும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது.

ஒவ்வொருவருக்கும் நோய் திரும்பும் முன் ஒரே வகையான முன்னடையாளம் தோன்றும். ஒருவர் விடியற்காலை இரண்டு மணிக்கு உறவினருக்கெல்லாம் தொலைபேசியில் அழைப்பார். ஒருவர் புதுச் சட்டைகளாக வாங்குவார். அது என்னவென்று சேர்ந்து எழுதி வையுங்கள். நாட்காட்டியில் நாள்தோறும் உறங்கிய மணி நேரத்தைக் குறித்து, மருத்துவரிடம் செல்லும்போது எடுத்துச் செல்லுங்கள். இரண்டு இரவு தொடர்ந்து உறக்கம் பாதியாகக் குறைந்தால் அடுத்த முறை வரை காத்திராமல் செல்லுங்கள். நலமாகிவிட்டது என்று மருந்தை நிறுத்துவதே நோய் திரும்புவதற்கு மிகப் பொதுவான காரணம்.

எங்கே செல்லலாம், என்ன உதவி கிடைக்கும்

மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் ஆலோசனையும் மருந்தும் இலவசம். ஆம்பூர் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் வரும் நாளைக் கேட்டறியுங்கள். திருப்பத்தூர் மாவட்ட அரசு மருத்துவமனையும், வேலூர் அடுக்கம்பாறையில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் நீங்கள் செல்லக்கூடியவை. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் பாகாயத்தில் உள்ளது. குடும்பத்தினர் நோயாளியுடன் தங்கிச் சிகிச்சையில் பங்குகொள்ளும் முறையை 1950களிலிருந்தே பின்பற்றி வருவது அது.

இ.எஸ்.ஐ. சந்தா செலுத்தும் தொழிலாளர் மருத்துவ விடுப்பில் 91 நாள் வரை ஊதியத்தில் 70 சதவீதம் பெறலாம். நீடித்த நோய்ப் பயன் பட்டியலில் இந்நோயும் இருப்பதால், இரண்டு ஆண்டுத் தொடர்பணி முதலிய தகுதிகள் உடையோர் அதற்கு மேலும் 80 சதவீத ஊதியம் பெற வழியுண்டு. இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் கேளுங்கள், இதனை அறியாமல் வேலையை விட்டவர்கள் பலர். நீண்டகாலம் பாதிக்கப்பட்டு 40 சதவீதத்துக்குக் குறையாத இயலாமை உள்ளோர் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்கீழ் சான்றும் தேசிய அடையாள அட்டையும் பெறலாம்.

எந்நேரமும் தமிழில் பேச: டெலி மானஸ் 14416. மாநில மருத்துவ ஆலோசனை: 104. நோயாளி தமக்கோ பிறருக்கோ தீங்கு செய்யும் நிலையில் இருந்தால்: 108. அழைக்கும்போது நோயாளி உண்டுவரும் மருந்துகளின் சீட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். லித்தியம் உண்பவராயின் அதனை முதலில் கூறுங்கள்.